நூலகருக்கும் ஒரு பள்ளிக்கூடம்

"பயிற்சியை முன்னிட்டு இன்று நூலகம் விடுமுறை" என்று ஒரு பலகை தொங்கினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! வெயிலில் நடந்து வந்ததென்ன, படித்து முடித்த இரண்டு நாவல்களை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்ததென்ன! "புஸ்தகத்தை எடுத்துக் கொடுப்பதற்கும் வாங்கி அடுக்குவதற்கும் பயிற்சி ஒரு கேடா?" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறோம்.

கேள்வி நியாயமானதுதான். இதற்குப் பதில் தேடினால், நூலக உத்தியோகமே வேண்டாம் என்று ஓடப் பார்த்த ஒரு மனிதரின் கதையில் போய் நிற்கிறோம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அவரை நியமித்தார்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகளுடன் பேசிப் பழகியவரை ஒரு பெரிய கட்டிடத்தில் புஸ்தக அலமாரிகளுக்கு நடுவே தனியாக உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒரு வாரம் தாங்கவில்லை. பழைய கல்லூரிக்கே ஓடிப்போய், "என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிட்டார். அங்கே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலில் அவர் லண்டனுக்குப் போய் நூலக வேலையைப் படித்துவிட்டு வரட்டும். வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வாத்தியார் வேலை அவருக்குத்தான்!

அவர் போனார். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் படித்தார். சேயர்ஸ் என்ற அநுபவசாலி அவருக்குக் குருவாக வாய்த்தார். இங்கிலாந்தில் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில், துண்டு துண்டான உலோகப் பட்டைகளைத் திருகி விதவிதமான உருவங்கள் செய்யும் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். புஸ்தகங்களின் விஷயங்களையும் இப்படித் துண்டுகளாக்கிச் சேர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். அதிலிருந்துதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை பிறந்தது. 1925-ல் சென்னைக்குத் திரும்பியவர் கணக்கு வாத்தியார் வேலையை மறந்தே போனார். 1972-ல் கண்ணை மூடும்வரை அவருக்கு நூலகமே மூச்சு.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது மெக்கானோ அல்ல. ஒரே மேஜை, ஒரே நாற்காலி, ஒரே மனிதர். முதலில் சிறைச்சாலையாகத் தெரிந்த இடமே, தன் தொழிலைத் தெரிந்த பத்துப் பேருடன் பழகி வந்த பிறகு வேறு விதமாகத் தெரிந்திருக்கிறது. தாம் பெற்ற அநுபவத்தை அவர் பெட்டியில் போட்டுப் பூட்டவும் இல்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறு வருஷமே, 1929-ல், அந்தச் சங்கம் கோடை விடுமுறையில் நூலகர்களுக்கு ஒரு பள்ளி நடத்தியது. 1931-ல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது; 1937-ல் ஒரு வருஷ டிப்ளமா வகுப்பாக வளர்ந்தது.

நூலகருக்குப் பள்ளிக்கூடம் என்பது அதற்கும் முந்திய சங்கதி. 1887-ல் நியூயார்க் கொலம்பியா காலேஜில் மெல்வில் டியூயி என்பவர் ஆரம்பித்த வகுப்பில் சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று நிர்வாகிகள் வகுப்பறை தர மறுத்தார்கள். ஒரு சாமான் அறையைச் சுத்தம் செய்து அங்கே பாடம் நடந்தது. சபாஷ் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! பெண் நூலகர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிப் பிற்காலத்தில் புகார்கள் எழுந்து, 1906-ல் நூலகச் சங்கக் காரியங்களிலிருந்து அவர் ஒதுங்க நேர்ந்தது. 2019-ல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரையே எடுத்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டவர் என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடியுமா என்ன?

போகட்டும். படித்துப் பட்டம் வாங்கி உத்தியோகத்திலும் அமர்ந்த பிறகு, இரண்டு நாள் மூன்று நாள் கருத்தரங்கு என்று கூப்பிடுகிறார்களே, அதனால் பலன் உண்டா? இந்தச் சந்தேகத்துக்கு அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் ரொம்பச் சாமர்த்தியமாக விடை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ராஜா மாறுவேஷத்தில் நகர்வலம் வருவார் அல்லவா? அதே உபாயம்தான். 1983-ல், சாதாரண வாசகர்களைப் போலச் சிலரை 60 நூலகங்களுக்கு அனுப்பிக் கேள்வி கேட்கச் சொன்னார்கள். சில கேள்விகளை நேரில் கேட்டார்கள், சிலவற்றை டெலிபோனில் கேட்டார்கள். வந்த பதில்களைத் தட்டிக் கொட்டிப் பார்த்தால், சரியான விடை கிடைத்தது நூற்றுக்கு 55 தடவைதான்! பெரிய நூலகம், சிறிய நூலகம், கூட்டமான நேரம், ஓய்வான நேரம் என்பதெல்லாம் அவ்வளவாக வித்தியாசம் செய்யவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எப்படிக் கேட்டார், எப்படிக் காது கொடுத்தார் என்பதுதான் வித்தியாசம் செய்தது.

இது நமக்குப் புதிதா? நம் வீட்டுப் பெண் ஒருத்தி நூலகத்துக்குப் போய், "சர்க்கரை வியாதி பற்றிப் புஸ்தகம் இருக்கிறதா?" என்று கேட்கிறாள். நூலகர் மூன்றாவது அலமாரியைக் காட்டுகிறார். தடிமனான வைத்திய நூல்கள் நாலு இருக்கின்றன. ஒன்றை எடுத்துப் புரட்டுகிறாள், புரியவில்லை, வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். அவள் மனத்தில் இருந்த கேள்வியே வேறு. மாமியாருக்குச் சர்க்கரையோடு சிறுநீரகத்திலும் கோளாறு. டாக்டர் ஒரு உணவுப் பட்டியல் கொடுத்திருக்கிறார். அதில் உள்ளதை வைத்துக்கொண்டு தினமும் வாய்க்கு ருசியாக என்ன சமைப்பது என்பதுதான் கேள்வி. அதை முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் சொல்லக் கூச்சம். "சமையல் பற்றியா அம்மா, வியாதி பற்றியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்காததால் வீட்டுக்கு வந்து, கைபேசியில் யாரோ அனுப்பிய 'ஒரே வாரத்தில் குணம்' கஷாயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

மேரிலாந்தில் இதற்காகவே மூன்று நாள் பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். யாரும் மேடை ஏறிப் பிரசங்கம் செய்யவில்லை. ஒருவர் வாசகர், ஒருவர் நூலகர் என்று வேஷம் கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முகம் பார்த்துப் பேசுவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது, கடைசியில் மறக்காமல் ஒரு கேள்வி கேட்பது: "நீங்கள் தேடி வந்தது முழுவதும் கிடைத்துவிட்டதா?" எல்லாவற்றிலும் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக பலன் என்று கண்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் கவனித்துத் திருத்திக்கொண்டார்கள். மறுபடியும் மாறுவேஷக்காரர்களை அனுப்பிப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் கணக்கு நன்றாகவே உயர்ந்திருந்தது.

நம் ஊரில் நடக்கும் கருத்தரங்குகள் எல்லாமே இப்படி என்று நான் சொல்லவரவில்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, இன்னொரு பொன்னாடை என்று மணி பதினொன்றரை ஆகிவிடும் கூட்டங்களும் உண்டு. வந்தவர்கள் ஒரு அட்டைப் பையும் பேனாவும் பெற்றுக்கொண்டு, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, அத்தாட்சிப் பத்திரத்துடன் பஸ் ஏறுவார்கள். அதற்காக ஒரு நாள் நூலகத்தைப் பூட்டியது வீண்தான். ஆனால் கணிப்பொறியில் புஸ்தகப் பட்டியலைத் தேடுவது, கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் கருவிகளைப் பழகுவது, கைபேசியில் வரும் செய்தி மெய்யா பொய்யா என்று சோதிப்பது என்று கைப்படச் செய்து பார்க்கும் கூட்டங்களும் நடக்கின்றன. அங்கே போய்வந்தவரிடம் வித்தியாசம் தெரிகிறது.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்றால், போகவேண்டியவர்களால்தான் போக முடிவதில்லை. எங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் இருக்கும் பெண்மணி கெட்டிக்காரி. அவரிடம் ஒரு நாள் கேட்டேன்.

"ஏம்மா, இந்த மாதிரிப் பயிற்சிக்கெல்லாம் நீங்க போறதில்லையா?"

"ஆசைதான் அம்மா. ஆனா நான் போனா இங்கே பூட்டுத்தானே? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க வாசல்லே நிப்பாங்க. வீட்டிலே லைட்டு வெளிச்சம்கூட இல்லாத பிள்ளைங்க இருக்கு. அதுகளை நினைச்சா மனசு வரல்லே."

பெருக்குவது, பத்திரிகைகளைக் கட்டுவது, புஸ்தகம் கொடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் ஒருவரே. தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் 4,000-க்கும் மேலே. அவற்றில் ஒற்றை ஆள் நூலகங்கள் எத்தனையோ! பெரிய நூலகங்களில் பத்துப் பேரில் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம். ஒருவரில் யாரை அனுப்புவது?

இதில் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது, சகோதரிகளே. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி வந்த நூலக வரி அதில் இருக்கும். இப்போது வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகை வீட்டில் இருப்பவர்களும், வீட்டுக்காரர் அதை எப்படியும் நம் தலையில்தான் வைத்திருப்பார் என்று நம்பலாம்! நூலகருக்குச் சம்பளம் கொடுக்கும் வரியில் நம் பங்கும் இருக்கும்போது, அவர் படிக்கப் போகும் நாளிலும் நமக்கு ஒரு பங்கு இருக்கவேண்டாமா?

பல கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. எங்கள் வட்டத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அந்த அம்மாள் பயிற்சிக்குப் போகும் இரண்டு நாட்களும் புஸ்தகம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். படிக்கும் அறையை மட்டும் நாங்கள் திறந்து வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், பொறுப்பும் எங்களுடையது என்று மேலிடத்துக்குக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் முதல் நாள் காலை எட்டு மணிக்குச் சாவியை வாங்கிக்கொள்வது யார் என்பதில் எங்களுக்குள் இப்போதே போட்டி!