புக்கிட் பெலிம்பிங்கிலும் மியூவான் விழுகிறது

உள்ளங்கையை விரித்து ஒரு நிமிடம் நீட்டிப் பிடியுங்கள். அதற்குள் ஏறக்குறைய நூறு மியூவான்கள் அதை ஊடுருவிச் சென்றிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் துகள்கள் இவை. கோலாலம்பூரில் விழும் அதே அளவு புக்கிட் பெலிம்பிங் செம்பனை மரங்களுக்கு நடுவிலும் விழுகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லித் தரும் ஆட்கள்தாம் பெரும்பாலும் நகரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

துகள் இயற்பியலைப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்லும் முயற்சிகள் உலகில் நிறைய உண்டு. 2005 முதல் நடக்கும் அனைத்துலக மாஸ்டர்கிளாஸ் அவற்றில் ஒன்று. 15 முதல் 19 வயது மாணவர்கள் ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, செர்ன் ஆய்வுக்கூடத்தின் உண்மையான மோதல் தரவுகளைக் கணினியில் அலசுகிறார்கள். மாலையில் மற்ற நாட்டு மாணவர்களோடு காணொளி வழியாக முடிவுகளை ஒப்பிடுகிறார்கள். நம் மலாயாப் பல்கலைக்கழகமும் செர்னின் சி.எம்.எஸ். ஆய்வில் உறுப்பினர்தான். ஆக, ஜெனிவாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆனால் மாணவர்களை ஒரு நாள் பேருந்தில் ஏற்றிச் சென்று திரும்பினால் மட்டும் போதுமா? மறுநாளே டியூஷன் வந்து அந்த உற்சாகத்தை விழுங்கிவிடும். ஆசிரியர் அப்படியல்லர், இருபது ஆண்டுகள் அதே வகுப்பறையில் இருப்பார். செர்ன் 1998 முதலே இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கென்று தனிப் பயிற்சி நடத்துவது இதனால்தான். நம் படிவம் 5 இயற்பியல் நூலில் அணுக்கரு இயற்பியலும் குவாண்டம் இயற்பியலும் கடைசி இரண்டு இயல்கள். முன்னோட்டத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அவற்றுக்கு என்ன கதி என்று படிவம் 5 முடித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். (தமிழ்ப்பள்ளியில் 'துகள்', இடைநிலைப்பள்ளியில் 'ஸாரா', பல்கலைக்கழகத்தில் 'பார்ட்டிக்கல்' என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர் கற்ற நமக்கு விளக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தேவை.)

கருவிக்குப் பெரிய செலவும் இல்லை. ஒளி புகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதன் மேற்புறத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி. அடியில் கறுப்பு உலோகத் தகடு. தகட்டின் கீழே சுழியத்துக்குக் கீழ் 78 பாகை குளிரில் இருக்கும் உலர் பனிக்கட்டி. இதுதான் முகில் அறை. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், சில நிமிடங்களில் மெல்லிய வெண்கோடுகள் தோன்றி மறையும். குட்டையாகத் தடித்திருப்பது ஆல்பா. நெளிந்து நெளிந்து ஓடுவது எலக்ட்ரான். நீண்டு நேராகப் போவது பெரும்பாலும் மியூவான். உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும் என்பவை தவறாத விதிகள்.

அந்த நேர்க்கோட்டைக் காட்டி ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கலாம். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். பிறகு 15 கிலோமீட்டர் கடந்து இந்தப் பெட்டிக்குள் எப்படி வந்தது? அதிவேகமாக ஓடும் மியூவானின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதாகத் தெரியும் என்ற ஐன்ஸ்டைனின் விடை, அப்போது மனப்பாட வரியாக இருக்காது.

இது நமக்கு அந்நியமான துறை என்று நினைப்பவர்கள் கோலார் தங்க வயலை அறிந்துகொள்ள வேண்டும். நம் முன்னோர் மலாயாவுக்கு ரப்பர் வெட்ட வந்த காலத்தில், தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து பலர் கோலாருக்குத் தங்கம் வெட்டப் போனார்கள். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து கருவிகளை அமைத்தது. மேலிருக்கும் பாறை மியூவான்களைத் தடுத்துவிடும் என்பதே அவ்வளவு ஆழத்துக்குக் காரணம். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965இல் அங்கே கண்டார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் ஏறத்தாழ அதே காலத்தில் கண்டார்கள். உலகில் அதுவே முதல் முறை.

அறிவியல் புலத்தில் 60 விழுக்காட்டு மாணவர்கள் என்ற நம் நாட்டின் பல பத்தாண்டு இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. படிவம் 3 மாணவர் எந்தப் புலம் என்று முடிவு செய்வதற்கு முன்பே அந்த வெண்கோட்டை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் நான்கைந்து பேர் காரில் வரத் தயார். வட்டார ஆசிரியர்கள் பத்துப் பேர் ஒரு சனிக்கிழமை கோலசிலாங்கூரில் கூடினால் போதும். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உலர் பனிக்கட்டி ஒரு நாளுக்கு மேல் தாங்காது.