‘அரிமளத்தில் எந்தத் தெரு?’

புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சி ஆனது. 1912-ல் நகராட்சியாகத் தொடங்கிய ஊர், நூறு ஆண்டு கடந்து பெயர்ப் பலகையை மாற்றியிருக்கிறது. சுற்றியிருந்த ஊராட்சிகள் சிலவும் அதற்குள் வந்துவிட்டன. வீட்டு வரி ஏறுமா, நூறு நாள் வேலை போய்விடுமா என்ற பேச்சுதான் அப்போது எங்கும் கேட்டது. இரண்டும் நியாயமான கவலைகள். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி வரவே இல்லை. இந்த மாநகராட்சிக்குள் குடிவர நினைக்கும் ஒரு தலித் குடும்பத்துக்கு வாடகை வீடு கிடைக்குமா?

அரிமளம் வட்டாரத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் ஆசைப்பட்டு மட்டும் போகவில்லை. வனத்தோட்டக் கழகத்தின் தைலமரங்கள் இந்தப் பக்கத்து மண்ணை என்ன செய்தன என்பது விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடிச் சொன்ன கதை. கண்மாய்க்கு வரத்து குறைந்தால் நிலம் வைத்திருப்பவருக்கு ஒரு போகம் நட்டம். நிலமே இல்லாதவருக்கு நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. அரிமளம் பேரூராட்சி என்பதால் ஊருக்குள் இருப்பவர்களுக்கு நூறு நாள் வேலையும் கிடையாது. பிறகு பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். 2017-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையிலோ, தனியார் பள்ளியிலோ வேலை கிடைக்கிறது. இரவுப் பணி முடிந்தால் பேருந்து இல்லை. அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்வோம் என்று கிளம்புகிறார்கள்.

கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்பது அண்ணல் அம்பேத்கர் நம்மிடம் சொன்னதுதான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைக் குடியரசின் அடிப்படை என்று போற்றியவர்களை அவர் எவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பது பதிவில் இருக்கிறது. நகரம் என்றால் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். வெளிநாட்டில் படித்துத் திரும்பி, 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் பெரிய பதவியில் சேர்ந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பதவி இருந்தது, சம்பளம் இருந்தது, கூரை மட்டும் இல்லை.

நகரம் எதையும் தரவில்லை என்று சொன்னால் அது பொய். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போது தம்ளரைப் பார்த்து யாரும் சாதி கேட்பதில்லை. சலூனில் உட்காரலாம், ஓட்டலில் சாப்பிடலாம், திண்ணைக்காரருக்குப் பயந்து சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதை விசாரிக்கப் போன ஆட்சியர், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டார். கடைசியில் 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. அந்த மக்கள் அதை இன்றுவரை ஏற்கவில்லை. இதையெல்லாம் பார்த்த ஒரு குடும்பம் ராஜவீதியின் பெயர் தெரியாத கூட்டத்தை விரும்பினால் அதைக் குறை சொல்ல முடியுமா?

அந்தக் கூட்டம் கடைவீதியோடு முடிந்துவிடுகிறது. டு-லெட் பலகை தொங்கும் வாசலில் நின்றால் வேறு பேச்சு.

‘எந்த ஊருப்பா?’

‘அரிமளம்ங்க.’

‘அரிமளமா? அங்கே எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? குலசாமி எங்கே இருக்கு?’

சாதி என்ற சொல்லே இதில் வராது. வரத் தேவையில்லை. அரிமளத்தில் அவருக்கு ஒரு சம்பந்தியோ, கடை வைத்திருக்கும் பங்காளியோ இருப்பார். ஒரு போன் போதும். மறுநாள், ‘மகன் சிங்கப்பூர்லேருந்து வர்றான் தம்பி, வீடு இப்போ விடுறதா இல்லை’ என்று பதில் வரும். பலகை மட்டும் அடுத்த மாதமும் தொங்கும்.

சென்னையிலும் வீடு மறுக்கிறார்கள். ஆனால் அங்குள்ள வீட்டுக்காரருக்கு அரிமளத்தின் தெருக்கள் தெரியாது. மதுரைக்கோ திருப்பூருக்கோ போனவர்கள்கூட ‘புதுக்கோட்டைப் பக்கம்’ என்று சொல்லிக் கடந்துவிட முடிகிறது. புதுக்கோட்டை போன்ற நடுத்தர நகரம் கிராமத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுக்காரரே போன தலைமுறையில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்தான். வேலைக்கு வசதி என்று நாம் நினைக்கும் இந்த அருகாமைதான் அவருக்கு விசாரிக்கவும் வசதியாக இருக்கிறது. நகரம் பெரிதாவதால் மட்டும் இது மாறிவிடாது. 2015-ல் வெளியான சுக்தேவ் தோரட் குழுவினரின் ஆய்வு, டெல்லியிலும் அதன் சுற்றுப்பகுதியிலும் வீடு தேடிய தலித்துகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு நேரடி மறுப்போ கூடுதல் நிபந்தனையோ கிடைத்ததைக் காட்டியது.

வாய்ப்பேச்சில் தப்பினாலும் ஆதார் நகலில் மாட்டிக்கொள்கிறோம். முகவரியில் ‘ஆதிதிராவிடர் காலனி’ என்று இருக்கும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவோம் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் அட்டையில் அச்சான முகவரி தானாக மாறாது.

மறைத்து வீடு பிடித்தவர்களின் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். அண்ணலின் படத்தைக் கூடத்தில் மாட்டமாட்டார்கள், பீரோவுக்குள் இருக்கும். மாட்டுக்கறி எடுக்கமாட்டார்கள். ஊரிலிருந்து அப்பாயி வந்தால் வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிவிடுவாரோ என்று பதறுவார்கள். காதுகுத்தை அரிமளத்திலேயே வைத்துக்கொள்வார்கள். பள்ளியில் என்ன சொல்லக் கூடாது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாடம் நடக்கும். மாத வாடகைக்கு மேல் இவர்கள் கொடுக்கும் வாடகை இது. மறைக்க மனமில்லாதவர்கள் நகரத்திலேயே நம் மக்கள் இருக்கும் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தெரு குறுகல், ஆனால் கேள்வி இல்லை.

மாநகராட்சி தலித்துகளுக்கு எப்போதும் திறந்து வைத்திருக்கும் ஒரு கதவு தூய்மைப் பணி. 2022 அக்டோபரின் அரசாணை 152-க்குப் பிறகு அதுவும் ஒப்பந்தக்காரர் வழியாகத்தான். நகரத்தைத் துடைக்க ஆள் தேடுகிறவர்கள் அந்த ஆள் எங்கே தூங்குவார் என்று கேட்பதில்லை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது அது. அதன் 4-வது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது ஆகியவற்றில் தீண்டாமையின் பேரில் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். 12-வது பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ‘என் வீடு, என் இஷ்டம்’ என்பவர்தான் காரணத்தை விளக்கியாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அறிந்த நம் இளைஞர்களில் பலருக்கு இந்தப் பழைய சட்டம் தெரியாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டமோ ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறதே தவிர, ஒப்பந்தம் வரை போகவே முடியாதவரைப் பற்றிப் பேசவில்லை. அந்தச் சட்டத்தில் சாதியின் பேரில் வீடு மறுப்பதைத் தடை செய்யும் பிரிவு ஒன்றைச் சேர்க்க அரசு தயங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்தில் வாடகை மறுப்பையும் ஒரு பொருளாக வைக்க வேண்டும். அதற்கு எழுத்தில் புகார் தேவை. வீடு மறுக்கப்பட்டவர்கள் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். போன தேதி, கேட்ட கேள்வி, சொன்ன பதில் மூன்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து வேறொரு நண்பரை அதே வீட்டுக்கு அனுப்பி, அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566, கட்டணம் இல்லை.