நர்ஸுகளின் அழைப்புரிமை

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளி ஒருவருக்கு இருதயம் நின்றுவிட்டால், அதைத் திடீர் விபத்து என்று சொல்லித் தேறுவது வழக்கம். அநேக சந்தர்ப்பங்களில் அது திடீரென்று நேர்ந்ததன்று. 1990-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆஸ்பத்திரிக்குள் இருதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் குறிப்புக்கள் பரிசீலிக்கப்பட்டன. அவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு, ஆபத்துக்கு முந்திய 8 மணி நேரத்திற்குள் நிலைமை கெட்டுவருவதன் அடையாளங்களோ புதிய உபாதைகளோ எழுத்து மூலமாகப் பதிவாகியிருந்தன. எச்சரிக்கை இருந்தது, அதற்குத் தக்க செய்கை இல்லை. வார்டில் இவ்வடையாளங்களை முதலில் காண்பவர் யார்? இரவும் பகலும் படுக்கையருகே நிற்கும் நர்ஸே. கண்டவருக்கு உதவியை வரவழைக்கும் அதிகாரம் உண்டா என்பதே நாம் இன்று விசாரிக்கப் புகும் விஷயம்.

பழைய ஏற்பாடு யாவரும் அறிந்ததே. நர்ஸு இளைய டாக்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்; அவர் மூத்த டாக்டரைக் கேட்க வேண்டும்; மூத்தவர் பெரிய டாக்டரின் மனமறிந்து நடக்க வேண்டும். செய்தி படிப்படியாக ஏறும். உதவி படிப்படியாக இறங்கும். நோயோ படி பார்த்து வளர்வதில்லை.

இவ்வேற்பாட்டை உடைக்க முன்வந்தது ஆஸ்திரேலியா. சிட்னியிலுள்ள லிவர்பூல் ஆஸ்பத்திரியில் டாக்டர் கென் ஹில்மனும் அவருடைய சகாக்களும் 1990-இல் அவசர வைத்தியக் குழு ஒன்றை அமைத்தார்கள். தீவிர சிகிச்சையில் தேர்ந்த டாக்டரும் நர்ஸும் கொண்ட இக்குழு, இருதயம் நின்ற பிறகு ஓடிவருவதற்காக ஏற்பட்டதன்று. நிற்பதற்கு முன்பே வருவதற்காக ஏற்பட்டது. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், அறிவுத் தெளிவு இவை குறிப்பிட்ட எல்லையைக் கடந்தால் வார்டிலுள்ள எந்த நர்ஸும் யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல் குழுவை அழைக்கலாம். எண்கள் சரியாயிருந்தும் நோயாளியின் நிலைமை கவலை தருவதாக நர்ஸுக்குத் தோன்றினால், அக்கவலையே போதிய காரணம். வைத்திய உலகில் இது சிறு சீர்திருத்தமன்று. அதிகாரம் கைமாறியதாகவே நாம் இதைக் கருதுகிறோம்.

ஆயினும் உரிமை ஏட்டில் ஏறினமட்டில் கைக்கு வந்துவிடாது என்பதை 2005-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியான பெரிய பரிசோதனை காட்டிற்று. 23 ஆஸ்திரேலிய ஆஸ்பத்திரிகளில் 12-இல் இக்குழு ஏற்படுத்தப்பட்டது. 11 பழையபடியே நடந்தன. அழைப்புக்கள், சேர்க்கப்பட்ட ஆயிரம் பேருக்கு 3.1 என்பதற்கெதிராக 8.7 ஆக உயர்ந்தன. எனினும் மரணம் முதலியவற்றில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. “பார்த்தீர்களா, வீண் செலவு” என்று பழைமைவாதிகள் சொல்லக்கூடும். அவர்கள் அவ்வறிக்கையின் இன்னொரு விவரத்தையும் படிக்கக் கடவர். அழைப்புக்குரிய அடையாளங்கள் தோன்றி, பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கே குழு அழைக்கப்பட்டிருந்தது. அழைக்கப்படாத குழு எவ்வாறு உயிரைக் காக்கும்? 29 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-இல் வெளியான மதிப்பீடோ, இத்தகைய குழுக்களுள்ள ஆஸ்பத்திரிகளில் மரணமும் இருதயம் நிற்பதும் குறைந்திருப்பதாகத் தெரிவித்தது.

நர்ஸுகள் ஏன் அழைப்பதில்லை? அவர்களுக்குக் குழுவின்பால் நம்பிக்கையில்லை என்று கூறுவது அபாண்டம். மெல்பர்ன் நகரத்து ஆஸ்டின் ஆஸ்பத்திரியில் 351 நர்ஸுகளிடம் கேட்டறிந்த அபிப்பிராயங்கள் 2006-இல் வெளியாயின. குழு இருதயம் நிற்பதைத் தடுக்கிறது என்று நூற்றுக்கு 91 பேர் கூறினர். தங்கள் பராமரிப்பைக் குறை கூறுவார்களென்று அஞ்சி அழைப்பைக் குறைத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இருவரே. அப்படியிருந்தும், குழுவுக்கு முன்னால் பொறுப்பு டாக்டரையே கூப்பிடுவோம் என்றவர்கள் 72 பேர். எண்கள் சரியாயிருக்கும்போது கவலையை மாத்திரம் கொண்டு அழைப்போம் என்றவர்கள் 56 பேரே.

இவ்வெண்களை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். இங்கே தடை அச்சமன்று, பழக்கம். விலங்கைக் கழற்றிய பின்னும் கால் பழைய அளவிலேயே அடியெடுத்து வைக்கிறது. மேலதிகாரியை மீறினோம் என்ற பேச்சு வரலாகாதென்பது வெகுகாலப் பயிற்சியின் பலன். இப்பழக்கத்துக்கு நர்ஸைக் குறை கூறிப் பயனில்லை. அதை வளர்த்த ஸ்தாபனமே மாற்ற வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் சர்க்கார் செய்தது கவனிக்கத்தக்கது. இளம்பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இறந்ததையொட்டி எழுந்த கிளர்ச்சியின் பயனாக, பீட்டர் கார்லிங் என்ற சட்ட நிபுணர் பொது ஆஸ்பத்திரிகளை விசாரித்து, 2008-இல் 139 சிபாரிசுகளடங்கிய அறிக்கை சமர்ப்பித்தார். 2010-இல் ‘கொடிகளுக்கிடையே’ என்னும் திட்டம் அமலுக்கு வந்தது. கடற்கரையில் காவலர் நட்ட இரு கொடிகளுக்கு நடுவே நீந்துவோர் கண்காணிப்பில் இருப்பார்கள் என்பது அந்நாட்டு வழக்கம்; பெயர் அதிலிருந்தே வந்தது. நோயாளியின் குறிப்புத் தாளில் மஞ்சள், சிவப்பு என இரு பட்டைகள் வரையப்பட்டன. நாடியின் புள்ளி மஞ்சளில் விழுந்தால் டாக்டர் வந்து பார்க்க வேண்டும். சிவப்பில் விழுந்தால் துரித உதவியை அழைக்க வேண்டும். நர்ஸின் தனி மனத்துணிவை மாத்திரம் நம்பியிராமல், அழைப்பதையே விதியாக்கிவிட்டதுதான் இதன் சிறப்பு. விதியின்படி அழைத்தவரை யார் கடிந்துகொள்ள முடியும்?

குழு வந்தபின் நர்ஸின் வேலை முடிந்ததென்று எண்ணுவதும் பிழை. வந்தவர்கள் நிபுணர்கள், ஆனால் நோயாளியை அறியாதவர்கள். நேற்று எப்படியிருந்தார், எம்மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, எந்நேரம் முதல் பேச்சுக் குழறிற்று என்பவற்றை அறிந்தவர் வார்டு நர்ஸு. அமெரிக்கக் கடற்படையில் தோன்றி வைத்தியசாலைகளில் பரவிய செய்தி முறையொன்று நான்கு பகுதிகளையுடையது: இப்போதைய நிலைமை, பூர்வ விவரம், தமது மதிப்பீடு, வேண்டும் உதவி. பின்னிரண்டுமே முக்கியமானவை, தகவல் சொல்வதோடு அபிப்பிராயமும் சொல்ல நர்ஸுக்கு அவை இடமளிக்கின்றன. குழு திரும்பிய பிறகு, அது வகுத்த சிகிச்சையை நிறைவேற்றும் பாரமும் அவர் தலைமீதே விழுகிறது. அவ்வளவு நேரமும் அவருடைய மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் யார்?

இக்கேள்விதான் விஷயத்தின் வேரைத் தொடுகிறது. கவனிக்க ஆளில்லாத வார்டில் அழைப்புரிமை வெறும் அலங்காரம். பென்ஸில்வேனியா மாகாணத்து ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கையில், நர்ஸு ஒருவருக்கு நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 7 வீதம் அதிகப்படுகிறதென்று காணப்பட்டது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணம் 2015-இல் நர்ஸு விகிதத்தைச் சட்டமாகவே செய்துவிட்டது.

சிட்னி விவகாரம் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அந்நாட்டு வார்டுகளில் உழைக்கும் நர்ஸுகளில் நம் தேசத்தினர் பலர். அங்கே அழைக்கத் தகுதியுள்ளவர் இங்கே மாத்திரம் கைகட்டி நிற்கத்தக்கவர் ஆவாரா? இம்முறையை மேற்கொள்ளும் ஆஸ்பத்திரிகளின் நிர்வாகிகள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். எப்போது அழைக்க வேண்டுமென்பதை எழுத்தில் விதியாக்க வேண்டும். அழைப்பு அநாவசியமாயிருந்தது என்று பின்னர் தெரிந்தாலும், அழைத்தவரைக் கடிந்துகொள்ளலாகாது. வார்டுக்குப் போதிய நர்ஸுகளை நியமிக்க வேண்டும். இம்மூன்றையும் செய்யாமல் குழுவொன்றை அமைத்துப் பெயர்ப்பலகை மாட்டுவது, வழக்காடும் உரிமையைக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தின் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.