ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும்?

இரண்டு வருடத்துக்கு முன்னம் பெண் விடுதலை பற்றி நாங்கள் ஒரு நாடகம் போட்டம். ஒத்திகை பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கும், முடிய ஒன்பது தாண்டும். கடைசி பஸ் ஏழரைக்கே போயிடும். மூன்றாம் கிழமை, பிரதான பாத்திரம் செய்த தோழி வாறதை நிப்பாட்டிட்டா. "அவவுக்கு ஈடுபாடு காணாது" எண்டு எங்களுக்குள்ள கதைச்சம். ரவுணுக்குக் கிட்ட இருக்கிற இன்னொரு பிள்ளையைப் போட்டு, நாடகத்தை மேடையேற்றிக் கைதட்டலும் வாங்கினம். அந்தக் கைதட்டல் இப்ப எங்களை உறுத்துது.

இந்த நேரக்கணக்கு நாங்கள் கண்டுபிடிச்சதில்லை. மட்டக்களப்புக் கூத்தில் சட்டங்கொடுப்பில் இருந்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் இரவில்தான் பழகுவினம். பகல் முழுக்க வயலில் நிண்ட ஆம்பிளையளுக்கு அதுதான் தோதான நேரம். பெண் வேடத்தையும் அவையளே கட்டிச்சினம். இண்டைக்குப் பெண்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படித்த எங்கட வகுப்பில் பெண் பிள்ளைகள்தான் கூட. ஆனால் ஒத்திகை நேரம் இன்னும் ஆம்பிளையளின்ர வசதிக்குத்தான் ஓடுது.

அநீதியை மேடையில் கேள்வி கேட்கிற மரபு எங்களிட்ட இருக்கு. 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டி வந்த 'கந்தன் கருணை' சாதியைப் பற்றி நேரடியாகவே பேசிய நாடகம். அந்த மரபை நினைத்துப் பெருமைப்படுகிற நாங்கள், குழுவுக்குள்ள என்ன செய்யிறம்? பறை அடிக்க ஒருவரைக் கூப்பிடுகிறோம், முடிவெடுக்கிற கூட்டத்தில் அவருக்குக் கதிரை போடுறமா? போரில் கால் இழந்தவரின் கதையை நடிக்கிறோம், அவர் தானே வந்து நடிக்க விரும்பினால் மேடைக்கு ஏற வழி இருக்கா? படிக்கட்டு மட்டும்தான் இருக்கு. ஒத்திகையில தேத்தண்ணி ஊத்துறது ஆர் எண்டு சொல்லவே தேவையில்லை.

"கலை எண்டால் தியாகம் செய்யத்தான் வேணும், எங்களிட்டக் காசும் இல்லை" எண்டு சிலர் சொல்லுவினம். காசு இல்லைத்தான். ஆனால் அந்தத் தியாகத்தை எப்பவும் ஒரே ஆக்கள்தான் செய்யினம் எண்டால், அதுக்குப் பேர் தியாகமில்லை.

செய்யக்கூடிய சில விசயங்கள் இருக்கு. ஆகத் தூரத்தில் இருந்து வாற ஆளிட்டக் கேட்டபிறகு ஒத்திகை நேரத்தைக் குறிக்கலாம். உடுப்புக்குக் காசு ஒதுக்க முன்னம் பஸ் காசை ஒதுக்கலாம். மண்டபத்தைப் பதிய முன்னம் சாய்தளமும் மலசலகூடமும் இருக்கா எண்டு போய்ப் பார்க்கலாம். தொந்தரவு நடந்தால் முறைப்பாடு கேட்க நெறியாளர் இல்லாத இன்னொருவரை முதல்நாளே நியமிக்கலாம். ஏனெண்டால் பாத்திரம் குடுக்கிறவரும் அவர்தான், பறிக்கிறவரும் அவர்தான். அவரைப் பற்றி அவரிட்டயே எப்பிடிச் சொல்லுறது?

போன மாதம் அந்தத் தோழியிட்டப் போய் மன்னிப்புக் கேட்டம். திரும்பி வரச் சொல்லியும் கேட்டம். அவ கோவப்படேல்லை. "ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும்?" எண்டு மட்டும் கேட்டா. இனி சனி, ஞாயிறு பகலில்தான், அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும் எண்டு சொன்னம். யோசிச்சுச் சொல்லுறன் எண்டிருக்கிறா.

அடுத்த நாடகத்தின் பிரதியைக் கையில் எடுக்க முன்னம், உங்கட குழுவிலும் இந்தக் கேள்வியை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.