தொழிற்சாலைப் பக்கம்: ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி சர்க்கரை



குளிர் தொடங்கிவிட்டது. வந்து ஒரு வருடம்கூட ஆகாத குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் குளிர்ச் சப்பாத்தும் மேலங்கியும் வாங்கக் கணக்குப் பார்க்கும் நேரம் இது. இதே நேரத்தில்தான் ஊர்ச்சங்கக் கூட்டங்களும் நடக்கின்றன. பாடசாலைக்கு இது வேண்டும், கோயிலுக்கு அது வேண்டும் என்று தொலைபேசி அழைப்பு வருகிறது. வேலைத்தலத்திலும் சாப்பாட்டு அறை மேசையில் ஓர் உண்டியல் பெட்டி வைத்திருப்பார்கள். அதில் ஏதோ ஒரு தூர நாட்டின் மெலிந்த பிள்ளையின் படம் ஒட்டியிருக்கும். நாங்களும் சில்லறையைப் போட்டுவிட்டுத்தான் மெசினடிக்குத் திரும்புகிறோம். இல்லாமை என்றால் என்னவென்று எமக்கு யாரும் படம் காட்டத் தேவையில்லை.

ஆனால் ஒரு கேள்வி எங்களுக்குள் பல நாளாக இருக்கிறது. ஏழை நாடுகளுக்கு எத்தனையோ உதவி போகிறது. அதில் எது ஏழையின் வீட்டுக்குள் போய்த் தங்குகிறது? எது வாசலோடு நின்றுவிடுகிறது? உழைத்த காசில் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. இதற்குப் பதில் தேடியபோது எங்களுக்குக் கிடைத்தது வங்காளதேசத்தின் கதை. அகதிகளான எமக்கு அதில் தனியான ஒரு பங்கும் இருக்கிறது. ஆகவே இம்முறை அதை எழுதுகிறோம்.

ஊரில் "ஜீவனி" பக்கற் தெரியாத வீடு இல்லை. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொடுப்போம். உப்பும் குளுக்கோசும் சேர்ந்த அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று நாம் யோசித்ததில்லை. கொலரா வந்தால் உடம்பு ஒரே நாளில் பல லீற்றர் நீரை இழந்துவிடும். அப்படி இழந்த நீரை ஊசி வழியாகச் சேலைன் ஏற்றித்தான் மீட்கலாம் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், சுத்தமான சேலைன் போத்தல் வேண்டும், ஊசி ஏற்றத் தெரிந்தவர் வேண்டும். இவை எதுவும் ஏழை ஊர்களில் இல்லை.

உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் சேர்ந்தால் குடல் இரண்டையும் ஒன்றாக உள்ளிழுக்கும், அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும் என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வயிற்றோட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இது வேலை செய்யும். 1968இல் டாக்காவில் இருந்த கொலரா ஆய்வுகூடத்தில் டேவிட் நளின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் வைத்தியர்கள் நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள். ஆனாலும் பெரிய வைத்தியர்கள் பலர் நம்பவில்லை. ஆய்வுகூடத்தில் சரி, அழுக்கும் நெரிசலும் உள்ள இடத்தில் படிப்பில்லாத மக்களால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஓர் அகதி முகாமில்தான் கிடைத்தது.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் நடந்தபோது ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் ஓடினார்கள். மழைக்காலம். கூடாரம், சேறு, ஒரே குளத்துத் தண்ணீர். கொலரா பரவியது. எல்லை நகரான போன்காவில் இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நிலத்தில் கிடந்தார்கள். கல்கத்தாவிலிருந்து அங்கே போன டொக்டர் திலீப் மகாலனாபிஸ் கொண்டுபோன சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. காத்திருந்தால் சனம் சாகும். அவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து கல்கத்தாவில் பைகளில் அடைக்கச் செய்தார். முகாமில் அவற்றைப் பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். பிள்ளைக்குத் தாயும், தாய்க்கு மகளும், மனைவிக்குக் கணவனும் குவளையில் அள்ளிக் குடிக்கக் கொடுத்தார்கள். அகதிகளே அகதிகளுக்கு மருத்துவத் தாதியானார்கள்.

அதுவரை முகாமில் நூறு நோயாளிகளில் முப்பது பேர் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீர் கொடுத்த இடத்தில் அந்தத் தொகை நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். மகாலனாபிஸ் 2022இல் காலமானார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது அறிவித்தது. எங்களில் பலர் கூடாரத்தில் இருந்து, தண்ணீருக்கு வரிசையில் நின்று வந்தவர்கள். முகாம் என்றால் உலகத்துக்கு இரக்கம் மட்டும்தான் வரும். போன்காவில் முகாம் மக்கள் உலகத்துக்கே ஒரு வைத்திய முறையைச் செய்து காட்டினார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கதை அத்தோடு முடியவில்லை. மருந்து கிடைத்துவிட்டால் வறுமையில் இருப்பவருக்கு அது தானாகப் போய்ச் சேராது. அந்தப் பாதி வேலைதான் கடினமானது.

போர் முடிந்து அகதிகள் ஊர் திரும்பியபோது பசுலே ஹசன் ஆபேட் என்பவர் 1972இல் "பிராக்" என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணெய்க் கம்பனியில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். இலண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற காசோடு, சில்ஹெட் பக்கம் சுல்லா என்ற பகுதியில் திரும்பி வந்த மக்களுக்கு உதவத் தொடங்கினார். பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் இறப்பது அங்கே அன்றாட விஷயம். எல்லா வீட்டுக்கும் பக்கற் கொடுக்கப் பணமும் இல்லை, பாதையும் இல்லை. ஆகவே எந்த ஏழை வீட்டிலும் இருப்பதை வைத்தே மருந்து செய்யத் தீர்மானித்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி சர்க்கரை, அரைச் சேர் தண்ணீர். சர்க்கரை என்று நாங்கள் சொல்வது ஊரில் நாம் சொல்லும் அதே கறுத்தச் சர்க்கரையைத்தான். அங்கே "குர்" என்பார்கள். எங்கள் வேலைத்தலத்தில் சில்ஹெட் பக்கத்து ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். "லொபோன், குர்" என்று சொன்னவுடனே மூன்று விரலைக் கூட்டிக் காட்டிச் சிரித்தார்கள். தாய் கைகாட்டிக் கொடுத்தது.

1980 முதல் 1990 வரை பெண் பணியாளர்கள் குழுக்களாகக் கிராமம் கிராமமாக, வீடு வீடாக நடந்தார்கள். ஒவ்வொரு தாயையும் தன் கையாலேயே கரைக்கச் சொன்னார்கள். அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரைச் சேர் அளவுக்கு அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். பத்து வருடத்தில் 1 கோடி 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள்.

இதில் தொழிலாளர்களான எங்களைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்து அந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், நூறு வீட்டில் பத்து வீட்டைத் தெரிந்தெடுத்து, அந்தத் தாய்மாரிடம் கேள்வி கேட்டார். கரைத்துக் காட்டச் சொன்னார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாளோ அந்தளவுக்குத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம். நாங்கள் வேலை செய்யும் இடத்திலும் வரிசையின் கடைசியில் ஒருவர் நின்று இடைக்கிடை ஒரு பொருளை எடுத்து அளந்து பார்ப்பார். எத்தனை பொருள் செய்தோம் என்பதை விட, எத்தனை பொருள் சரியாக வந்தது என்பதுதான் அவருக்குக் கணக்கு. வறுமை ஒழிப்பு வேலையிலும் அப்படி ஒரு ஆள் வேண்டும் என்று யோசித்ததுதான் அவர்களின் கெட்டித்தனம்.

அப்படிப் பார்த்ததால்தான் பெரிய உண்மை ஒன்றும் வெளியே வந்தது. தாய்மாருக்குப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது கரைத்துக் கொடுத்தவர்கள் குறைவு. ஏன் என்று விசாரித்தார்கள். சொல்லிக் கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் வேறு மருந்து வாங்கிக் குடித்தார்கள். உப்புத் தண்ணீர் வயிற்றோட்டத்தை உடனே நிறுத்துவதில்லை, உடம்பு வற்றாமல் காப்பாற்றுகிறது. அந்த வித்தியாசம் அவர்களுக்கே புரியவில்லை. பிறகு பணியாளர்களை டாக்கா ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் நோயாளிகள் குணமாவதைக் கண்ணால் காணச் செய்தார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை. தங்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு. அதன்பின் சந்தையில், பள்ளிவாசலில், பாடசாலையில் ஆண்களோடும் பேசினார்கள். கரைத்துக் கொடுக்கும் வீடுகள் கூடின.

இன்று வயிற்றோட்டத்துக்கு இந்த முறையை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் வங்காளதேசமும் ஒன்று. 1990இல் அங்கே பிறந்த 1000 பிள்ளைகளில் 140க்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்கு முன் இறந்தார்கள். இப்போது அது 35க்கும் குறைவு. தடுப்பூசியும் பெண்பிள்ளைகளின் படிப்பும் இதில் சேர்ந்தே வேலை செய்தன. எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரின் கணக்கில் போட முடியாது.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். உப்பும் சர்க்கரையும் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றும், ஆனால் கிணற்றைச் சுத்தமாக்காது, மலகூடம் கட்டித் தராது, தகப்பனுக்கு வேலை தராது. உலகில் இன்றும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வயிற்றோட்டத்தால் இறக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேல் இருந்த தொகை இவ்வளவு குறைந்திருக்கிறது. மீதியைக் குறைக்க நல்ல தண்ணீரும் மலகூடமும் வருமானமும் வேண்டும்.

இனி எங்கள் கூட்டங்களுக்கு வருவோம். ஊரில் வாசலுக்கு வளைவு கட்டவேண்டாம், கோயிலுக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் 2022இன் நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் சாப்பாடு குறைந்தது. அதை உறவினரோடு கதைக்கும்போதே நாம் கேட்டோம். கைக்காசு அளவானது. ஆகவே அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: எங்கள் காசு நின்றபிறகும் அந்த வீட்டில் மிஞ்சப்போவது என்ன? தாயின் கையில் ஒரு தொழில், ஒரு அறிவு, ஒரு சுத்தமான கிணறு மிஞ்சுமா?

இரண்டாவது: ஆறு மாதம் கழித்து யார் போய்ப் பார்ப்பார்? கொடுத்தவரோ வாங்கியவரோ அல்லாத ஒருவர் போய்ப் பத்தில் ஒரு வீட்டையாவது விசாரிக்க வேண்டும். திறப்பு விழாப் படம் கணக்கு அறிக்கை ஆகாது.

மூன்றாவது: யாரோடு இன்னும் பேசவில்லை? விதவைப் பெண்களோடு, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களோடு, ஊரின் ஒதுக்குப்புறத்தில் இருப்பவர்களோடு பேசினோமா? சங்கத்தில் குரல் இல்லாதவர் வீட்டில்தான் தேவை அதிகம்.

இந்தக் கேள்விகளைச் சண்டையாகக் கேட்கவேண்டாம். தலைவரும் செயலாளரும் எம்மைப் போல இரவு வேலை முடித்துவிட்டு வந்து இருப்பவர்கள்தான். கேட்டுவிட்டு, "நாங்கள் போய்ப் பார்க்கிறோம்" என்று பொறுப்பெடுக்கவும் தயாராக இருங்கள்.

கடைசியாக வீட்டுக்கு ஒரு குறிப்பு. குளிர்காலத்தில் இங்கும் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் வாந்தியும் வரும். மருந்துக்கடையில் நம்முடைய ஜீவனி போன்ற தூள் கிடைக்கும். சில பக்கற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கற்றில் எழுதிய அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். அது கையில் இல்லாத நேரத்துக்கு: ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனி, தட்டையாக அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து, சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பிள்ளை குடிக்க மாட்டேன் என்றாலோ, சோர்ந்து கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் டொக்டரிடம் கொண்டுபோங்கள். கைக்குழந்தை என்றால் முதலிலேயே டொக்டரைக் கேளுங்கள். மொழி தெரியவில்லை என்று வீட்டில் இருக்கவேண்டாம். மொழி தெரிந்த பக்கத்து வீட்டுத் தமிழரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் இந்த மூன்று கேள்விக்கும் என்ன பதில் கிடைத்தது என்று எழுதி அனுப்புங்கள். நல்ல பதில்களை இந்தப் பக்கத்தில் மற்றக் குடும்பங்களுக்கும் சொல்வோம். அடுத்த இதழில் சந்திப்போம்.