பாதாளத்தில் மறக்கப்பட்ட தம்பி



நம் வாலிபர் பலர் விரும்பிப் பார்க்கும் 'சூப்பர்நேச்சுரல்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் குறித்து எச்சரிக்கும்படி பெற்றோர் சிலர் கேட்டார்கள். அதில் வரும் தூதர்கள் வேதாகமத்தின் தூதர்கள் அல்லர் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். என் வழக்கு வேறு. அத்தொடர் தன் சிறிய மனிதர்களை நடத்திய விதத்தையே நான் குற்றஞ்சாட்டுகிறேன்.

2005 முதல் 2020 வரை 15 பருவங்கள், 327 பகுதிகள் ஓடிய தொடர் அது. சாம், டீன் என்னும் சகோதரர் இருவரே அதன் நாயகர்கள். குடும்பமே யாவற்றிலும் பெரிது என்று அது ஓயாமல் போதித்தது. ஆனால் அவர்களுக்கு ஆடம் என்று ஒரு தம்பி உண்டு. தகப்பன் ஒருவரே, தாய் வேறு. 5ஆம் பருவத்தின் முடிவில், பிரதான தூதனாகிய மிகாவேல் அவன் சரீரத்தைத் தனதாக்கியிருக்க, அவனும் சாமும் பாதாளக் கூண்டுக்குள் விழுகிறார்கள். அடுத்த பருவத்தில், சகோதரரில் ஒருவனை மீட்டுத் தருவதாக மரணம் டீனிடம் சொல்கிறது. அவன் சாமைத் தெரிந்துகொள்கிறான். அந்தத் தெரிவைக்கூட மன்னிக்கலாம். அதற்குப்பின் ஏறக்குறைய 9 ஆண்டுகள் தம்பியைத் தூக்கியெடுக்க அண்ணன்மார் கயிறு தேடவில்லையே, அதை எப்படி மன்னிப்பது? கடைசிப் பருவத்தில் திரும்பி வந்தவன் திரைக்கு வெளியே மறைந்துபோனான். அவன் முடிவைப் பிறர் வாய்ச்சொல்லாகவே கேட்கிறோம்.

"கதை நாயகர்களுடையது, துணைப் பாத்திரங்களுக்கு இடமேது?" என்பார்கள். அதே தொடரின் பாபி சிங்கரைப் பாருங்கள். பழைய வாகனக் கிடங்கு நடத்தும் அவருக்கு, பிசாசு பிடித்த மனைவியைத் தன் கையாலேயே கொன்ற துக்கம் உண்டு. நாயகர்கள் அருகில் இல்லாதபோதும் அவர் வாழ்கிறார் என்று நம்புகிறோம். கெவின் டிரானோ பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கனவோடு வந்த மாணவன். தீர்க்கதரிசியாக்கப்பட்டபின் கற்பலகைகளை மொழிபெயர்க்கும் கருவியானான். 9ஆம் பருவத்தில் அவன் கொல்லப்பட்டது டீனின் குற்ற உணர்வை வளர்க்கவே உதவிற்று. ஒருவனுடைய ஆசையையும் பயத்தையும் பறித்துவிட்டு அவன் உழைப்பை மட்டும் வைத்துக்கொள்ளும்போது அந்தப் பாத்திரம் தோற்றுப்போகிறது. தவறு எழுதினவர்களுடையது.

வேதாகமத்தில் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியனுக்குக் கிடைத்த வசனங்கள் சிலவே. எரேமியா துரவின் உளையில் கிடந்தபோது, அவன் ராஜாவிடம் துணிந்து பேசினான். கயிறு அக்குள்களை அறுக்காதபடி கந்தைத் துணிகளையும் தேடியெடுத்து இறக்கினான். அவனுக்குள்ளும் பயம் இருந்தது. கர்த்தர் அதை அறிந்து, எருசலேம் விழும் நாளுக்கென்று அவனுக்குத் தனியே ஒரு வாக்குத்தத்தம் அனுப்பினார். அவருடைய கணக்கில் துணைப் பாத்திரம் என்று எவரும் இல்லை.

நம் கணக்கில் இருக்கிறார்களே! ஆராதனைக்கு முன் பாய் விரிக்கும் சகோதரியின் வேலையை அறிவோம். அவளுடைய பயம் என்னவென்று எப்போதாவது கேட்டோமா? பாகப்பிரிவினைக்குப்பின் ஆண்டுக்கணக்கில் நாம் பேசாதிருக்கும் தம்பி எந்தக் குழியில் கிடக்கிறானோ?

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் ஒருவரிடமாவது போங்கள். கயிற்றை மட்டுமல்ல, கந்தைத் துணிகளையும் கொண்டுபோங்கள்.