நோய் வருமுன் 5 சதம்

எங்கள் ஊரில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால் வீடு வீடாகப் பணம் சேர்ப்போம். போன மாதம் உம்மாவோடு நானும் போனேன். கொடுத்த கைகள் நல்லவை. ஆனால் நோய் முற்றிய பிறகே அவை நீண்டன.

1933இல் கலிபோர்னியாவின் பாலைவனமொன்றில், கால்வாய் அமைத்த தொழிலாளருக்காக சிட்னி கார்பீல்ட் என்ற வைத்தியர் ஒரு சிறு ஆஸ்பத்திரி தொடங்கினார். காப்புறுதிப் பணம் ஒழுங்காக வராததால் அது தள்ளாடியது. பின்னர் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 5 சதம் முன்கூட்டியே கிடைக்க ஏற்பாடாயிற்று. அதன்பின் காயங்கள் குறைவதே ஆஸ்பத்திரிக்கு நன்மை. வேலைத்தலத்தில் கிடந்த ஆணிகளை அகற்றுவதிலும் அவர் அக்கறை காட்டினார். அந்த வழியில் வளர்ந்த இலாப நோக்கற்ற கைசர் பெர்மனென்டே திட்டம் 1945இல் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது.

முன்பணம் வாங்கியவர் சிகிச்சையைக் குறைத்தும் மிச்சம் பிடிக்கலாம். மிச்சத்தைப் பங்குதாரருக்குப் பிரிக்காத நிறுவனத்தில் அந்த ஆசை குறையும். என்றாலும் கணக்கு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்.

எம் ஊர்ச் சங்கங்களும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து, சீனி வருத்தம், இரத்த அழுத்தப் பரிசோதனைகளிலிருந்து தொடங்கட்டும். கணக்கு எழுத எங்கள் வகுப்பிலேயே பிள்ளைகள் இருக்கிறோம்.